மாணவர் கைத்தொழிலும் ஊர்த் தர்மமும்

பள்ளி மாணவர்கள் தாங்கள் கற்ற தச்சு வேலையையோ தையலையோ கொண்டு ஊரிலுள்ள ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்கு உதவி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அதனை மறுத்துப் பேச எவருக்கும் மனம் வராது. நல்ல காரியம் என்று நாலு வார்த்தை பாராட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் சேர்ந்து நடத்துகின்ற சங்கத்தின் அங்கத்தினர்கள் அவ்வாறு எளிதாகக் கடந்து போய்விடுதல் கூடாது. பிள்ளைகள் இலவசமாகச் செய்து கொடுக்கின்ற பொருள் பெரும்பாலும் வேறொருவர் கூலி பெற்றுச் செய்திருக்கக்கூடிய பொருளாகும். அந்த வேறொருவர் வீரவநல்லூர்த் தறிக்காரராக இருக்கலாம். பத்தமடையில் கோரைப்பாய் முடையும் பெண்மணியாக இருக்கலாம். சேரன்மகாதேவிக் கடைத்தெருவில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகின்றவராகவும் இருக்கலாம். ஓர் இல்லத்துக்குச் செய்த தர்மம் இன்னோர் இல்லத்து அடுப்பை அணைத்துவிடலாகாது.

இக்கேள்வி புதியதன்று. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய இரு நாட்களில் வார்தா நகரில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு ஒன்று கூடியது. ஏழாண்டுக் காலம் இலவசமான கட்டாயக் கல்வி, அதுவும் தாய்மொழியில், ஏதேனும் ஒரு கைத்தொழிலை நடுநாயகமாகக் கொண்டு அளிக்கப்பட வேண்டும் என்பது அம்மாநாட்டின் தீர்மானம். பிள்ளைகளின் கைவேலையால் வரும் ஊதியம் நாளடைவில் ஆசிரியரின் சம்பளத்துக்கு ஈடாகும் என்றும் எதிர்பார்க்கப்பட்டது. இந்த எதிர்பார்ப்பைத்தான் பொருளாதார அறிஞர் கே. டி. ஷா அந்த மாநாட்டிலேயே ஆட்சேபித்தார். பள்ளிக்கூடங்களில் ஆகும் பொருள் கடைக்கு வருமானால், அதே பொருளைச் செய்து பிழைக்கும் தொழிலாளியோடு அது போட்டியிடாதோ என்பது அவர் கேள்வி. கட்டடமும் கருவியும் பொதுப்பணத்தில்; வேலை செய்யும் கைக்குக் கூலியில்லை; அப்படிப்பட்ட சரக்கோடு எந்தத் தறிக்காரர் விலைபேசி நிற்க முடியும்?

பள்ளியில் ஆகும் பொருள்களை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது காந்தியடிகள் காட்டிய வழி. பாடத்திட்டம் வகுக்க அமைந்த டாக்டர் ஜாகிர் ஹுசேன் குழுவோ, வருவாயின்மீதே கண்ணாக இருந்துவிட்டால் கல்வி பின்தள்ளப்பட்டுவிடும் என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. குழுவின் தலைவரே பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். ஆதாரக் கல்வியின் எதிரியல்லர். ஆகவே அந்த எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம். எனினும் ஆதாரப் பள்ளிகள் நாடெங்கும் பரவிய காலத்தில் அது பல இடங்களில் காற்றில் விடப்பட்டது. தக்ளியில் நூற்ற நூல் எதற்கும் உதவாமல் மூலையில் குவிந்த பள்ளிகளும் இருந்தன. வீணாகும் நூலைக் காணும் பிள்ளைக்கு உழைப்பின்மீது மதிப்பு வளரும் என்று எதிர்பார்ப்பது வியப்பே. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு ‘வேலை அனுபவம்’ என்றும், 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்க வேலை’ என்றும் பெயரிட்டு இக்கருத்தையே வேறு உருவில் நிறுத்தின. பின்னதன் பெயரிலேயே நம் விஷயத்துக்கு வேண்டியது அடங்கியிருக்கிறது. அதாவது, பிள்ளையின் கைவேலை சந்தைக்கும் போக வேண்டாம், மூலையிலும் கிடக்க வேண்டாம். சமூகத்தில் அதற்குத் தேவையுள்ள ஓரிடத்துக்குப் போகட்டும். தர்ம ஸ்தாபனம் அத்தகைய ஓரிடம்.

இனி, நம் மக்கள் பங்குகொண்ட சில முயற்சிகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் வெவ்வேறு விஷயத்தைக் கற்பிக்கின்றது.

டால்ஸ்டாய் பண்ணையில்

1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், ஜோஹான்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் தம் 1,100 ஏக்கர் பண்ணையைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்வதற்கு வாடகையின்றி அளித்தார். டிரான்ஸ்வால் போராட்டத்தில் சிறை புகுந்தோருள் தமிழர் மிகுதியானவர். குடும்பத் தலைவர் சிறையிலிருக்க, மனைவி மக்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை அளித்துவந்த நிதி கரைந்துகொண்டே போயிற்று. தனித்தனியே பணம் அனுப்புவதைவிட எல்லாரையும் ஓரிடத்தில் குடியேற்றி, ஒரே சமையலில் உண்ணச் செய்து, உழைப்பால் செலவைக் குறைப்பதே வழி என்று காந்தியடிகள் முடிவு செய்தார். பண்ணையின் பிறப்பே இவ்வாறு ஒரு நிவாரணப் பணியின் கணக்கிலிருந்துதான்.

அங்கு வேலைக்காரர் இல்லை. சமையல் முதல் கழிவு அகற்றுதல் வரை குடியிருப்போரே செய்தனர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்ற வேற்றுமையின்றி ஒரே சமையலறை. காலன்பாக் மரியன்ஹில் என்னும் இடத்திலிருந்த டிராப்பிஸ்ட் துறவியரின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். அவரிடமிருந்து பண்ணையின் இளைஞர் கற்றனர். அவ்வாறு செய்த செருப்புகளை நண்பர்களுக்கு விற்கவும் தொடங்கினர். காலன்பாக்குக்குத் தச்சு வேலையும் தெரியும். பண்ணைக்கு வேண்டிய பெஞ்சுகளும் பெட்டிகளும் அங்கேயே உருவாயின. ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளுக்கு இடலாகாது என்பது அங்கே விதி. குழி தோண்டுவதாயினும் மரம் வெட்டுவதாயினும் ஆசிரியர் ஒருவர் உடன் நின்று செய்தார்.

இவையெல்லாம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுபவை. மேடையில் சொல்லப்படாத ஒன்றும் உண்டு. காலை நேரம் முழுவதும் வயல்வேலையும் வீட்டுவேலையும் ஆன பிறகு, நடுப்பகல் உணவுக்குப் பின்னரே வகுப்புகள் நடந்தன. அந்த வேளையில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் கண் சொக்கும். தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டும் விளையாட்டுக் காட்டியும் தூக்கத்தை விரட்ட வேண்டியிருந்தது என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். உடலுழைப்பின் பெருமையை முழங்குவோர் இக்குறிப்பை வசதியாக மறந்துவிடுகின்றனர். உழைத்துக் களைத்த உடம்பில் எழுத்து ஏறாது. கைவேலைக்கு எத்தனை மணி நேரம், எந்த வேளையில் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டுதான் தர்மத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆண்டொன்றுக்கு 120 மணி நேரம் என்று வரையறுத்திருப்பது இவ்வகையில் நல்ல அளவுகோல். வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம்தான் வருகிறது. இதைத் தாண்டும் எந்தத் திட்டமாயினும் அதனைச் சந்தேகத்தோடு பார்ப்பதே நலம்.

நாகர்கோவிலும் நாசரேத்தும்

தெற்கே நாகர்கோவிலில் 1819 முதல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் பணியாற்றினர். மார்த்தா அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் பின்னல் சரிகை எனப்படும் லேஸ் வேலையைக் கற்பித்தார். அதன் விற்பனை வரவு பள்ளியின் செலவுக்கு உதவியது. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை நீங்கவில்லை. 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் தாம் பின்னிய லேஸின் கூலியைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன.

நம் கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. லேஸ் அப்பகுதியில் எவரும் செய்து பிழைத்த தொழில் அன்று. ஆகவே அதனால் எந்த நெசவாளியின் கூலியும் குறையவில்லை. இன்னொன்று, வேலை செய்த பெண்ணின் கைக்கும் காசு வந்தது. பள்ளி மட்டும் வரவு வைத்துக்கொண்டு பெண்ணுக்கு ஒன்றும் கொடாதிருந்தால், ஓர் அடிமைத்தனத்தின் இடத்தில் வேறொன்று அமர்ந்திருக்கும்.

நாசரேத்தின் கதை வேறு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் திருநெல்வேலிச் சீமையெங்கும் திரிந்தனர். நாசரேத்தில் பணியாற்றிய ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் அவர்களுக்கு விடுதி அமைத்து, 1878-இல் கைத்தொழிற்பள்ளி ஒன்றையும் தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல், நெசவு முதலிய தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. இங்கே உதவி பெறுகிறவனும் தொழில் கற்கிறவனும் ஒருவனே. பஞ்சத்தில் கஞ்சி வாங்கிக் குடித்த பிள்ளை, உளி பிடிக்கக் கற்றபின் கஞ்சிக்கு எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு படி மேலே போகலாம். தர்ம ஸ்தாபனத்தில் இருப்பவர்கள் யாவரும் கைகட்டி வாங்குகிறவர்கள் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியை நம் பக்கத்தார் அறிவர். நம் நாட்டுப் பார்வையற்றோர் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் தொழில்களுள் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதும் ஒன்று. அத்தகைய இல்லத்துக்கு உதவப் போன மாணவர் கூட்டம், ‘நாங்களே உங்கள் நாற்காலிகளைப் பின்னித் தருகிறோம்’ என்று ஆரம்பித்தால் அது உதவியா, வழிப்பறியா? அங்கே மாணவர் செய்ய வேண்டியது, ஊரிலுள்ள பழைய பிரம்பு நாற்காலிகளைச் சேகரித்து, ஆட்டம் கண்ட கால்களைச் சரிசெய்து, பின்னும் வேலையைக் கூலியோடு அவர்களிடம் ஒப்படைப்பது.

நம் ஊர்க் குருகுலம்

சேரன்மகாதேவி என்றதும் படித்தவர் நினைவுக்கு வருவது வ. வே. சு. ஐயரின் குருகுலம். 1922-இல் சிறையிலிருந்து வெளிவந்த ஐயர், அரசாங்கப் பள்ளிகளுக்கு மாற்றாகத் தேசியக் கல்வி அளிக்க விரும்பி இந்நிலையத்தைத் தொடங்கினார். பொதுமக்கள் நன்கொடை அளித்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியும் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்படுகிறது என்ற செய்தி வெளியானதும் நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதனை எதிர்த்து முன்னின்றனர். பொதுப்பணத்தில் நடக்கும் நிலையத்தில் பந்திபேதம் எவ்வாறு இருக்கலாம் என்பதே அவர்கள் கேள்வி. 1925 ஜூன் 3-ஆம் தேதி, பாபநாசத்துக்கு மேலுள்ள அருவியில் விழுந்த தம் மகளைக் காக்கப் பாய்ந்த ஐயர் உயிர் நீத்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டபோது ஈ. வெ. ரா. காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

ஐயரின் தியாகத்தையோ புலமையையோ குறைத்துச் சொல்ல இதனை இங்கே எடுக்கவில்லை. இரண்டு இலைகள் தனியே விழுந்ததனால் ஒரு பெருமுயற்சி குலைந்தது என்பதை அங்கத்தினர் கவனிக்க வேண்டும். டால்ஸ்டாய் பண்ணையில் ஒரே சமையலறை இருந்தது. தாமிரபரணிக் கரையில் அது கூடவில்லை. நன்கொடை கொடுத்தவர், கணக்கை மட்டுமல்லாமல் பந்தியையும் பார்க்க உரிமையுள்ளவர் என்பதை அக்காலத்துத் தமிழ்நாடு ஒப்புக்கொண்டது.

பந்திக்குச் சொன்னது பட்டறைக்கும் பொருந்தும். 1953-இல் ராஜாஜி அரசாங்கம் ஆரம்பக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி வேளையில் பிள்ளைகள் தத்தம் குடும்பத் தொழிலைப் பழகலாம் என்பது ஏற்பாடு. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1954-இல் காமராஜர் ஆட்சி ஏற்றதும் கைவிடப்பட்டது. இன்றும் பள்ளியில் கைத்தொழில் என்று எவர் பேசினாலும் தமிழ்நாட்டுப் பெற்றோர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுவே. அச்சுளிப்பில் நியாயம் இருக்கிறது. நெசவாளி மகனைத் தறிக்கும், தச்சர் மகனை உளிக்கும், துப்புரவுப் பணியாளர் மகளைத் துடைப்பத்துக்கும் அனுப்பிவிட்டு, அதற்குச் சேவை என்று பெயரிடுகிற திட்டத்தை நம் சங்கம் ஆதரிக்க முடியாது. எந்தப் பிள்ளை எந்தக் கருவியைப் பிடிப்பது என்பது சீட்டுக் குலுக்கியோ முறைவைத்தோ முடிவாகட்டும். அரங்கத்தைக் கூட்டும் முறை ஆசிரியர் மகனுக்கும் வரவேண்டும்; தையல் இயந்திரத்தில் ஆண்பிள்ளைகளும் உட்கார வேண்டும்.

இல்லத்தில் என்ன செய்வது?

நம் வட்டாரத்தில் 30 முதியவர் தங்கும் ஓர் இல்லம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் தச்சும் தையலும் பழகும் மாணவர் இருபது பேர் அதற்கு உதவ விரும்புகிறார்கள். வழக்கமாக நடப்பது என்ன? மாணவருக்கு எது செய்யத் தெரியுமோ அதைச் செய்துகொண்டு போய்க் கொடுப்பார்கள். முப்பது பூத்தையல் கைக்குட்டைகள், பத்துச் சுவர் அலங்காரங்கள். பெற்றுக்கொண்டவர்கள் புன்னகையோடு பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள்.

முறை அதுவன்று. முதல்நாள் வெறுங்கையோடு போக வேண்டும். அங்குள்ளவர்களிடம் அமர்ந்து கேட்க வேண்டும். கேட்டால் வரும் விடைகள் சிறியவையாக இருக்கும்: கட்டில் ஆடுகிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, ஜன்னல் கதவு சாத்தவில்லை, இரவில் வாடை அடிக்கிறது, பெஞ்சு தாழ்வாக இருப்பதால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இவற்றுள் பெரும்பாலானவை பழுதுபார்க்கும் வேலைகள். பழுதுபார்ப்பதில் மாணவனுக்குக் கல்வியும் அதிகம். புதுக் கட்டிலைச் செய்வதைவிட, ஆடும் கட்டிலின் துளையும் நாக்கும் எங்கே தளர்ந்தன என்று கண்டுபிடிப்பது கூர்மையான வேலை. மேலும், இத்தகைய சில்லறைப் பழுதுகளுக்கு எந்த இல்லமும் தச்சரைக் கூலி கொடுத்து அழைப்பது அரிது. ஆகவே இதனால் எவர் கூலியும் போவதில்லை. பெஞ்சின் உயரத்தைப் புத்தகத்தில் பார்த்து அறுக்க வேண்டாம். 18 அங்குலம் என்பது பொதுவான அளவு. ஆயினும் அங்குள்ள முதியவரை உட்கார வைத்து எழச் சொல்லிப் பார்த்தபின் ஆணி அடிப்பதே தொழிலறிவு. மின்கம்பி வேலையை, உரிமம் பெற்ற மின்பணியாளர் உடனிருந்தாலன்றி மாணவர் தொடலாகாது.

புதிதாக வாங்க வேண்டியவையும் உண்டு. படுக்கை விரிப்பு அத்தகையது. விரிப்பை மாணவர் நெய்ய வேண்டியதில்லை. நன்கொடைப் பணத்தில் நெசவாளர் சங்கத்திலிருந்து முழுக் கூலி கொடுத்து வாங்க வேண்டும். மாணவர் பங்கு அதன் முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னே கணக்கு, பின்னே வெட்டுதல், ஓரம் தைத்தல், எண்ணிடுதல், கிழிந்தவற்றை ஒட்டுப்போடுதல்.

அக்கணக்கை இங்கே செய்து காட்டுவோம். தறிக்காரர்கள் இதனை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். பயிரிடும் அங்கத்தினருக்காகவும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் விரித்து எழுதுகிறோம். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 20-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 16,800 கெஜம் இருக்கும். விரிப்பின் அகலம் 60 அங்குலம், நீளம் 90 அங்குலம் என்க. அங்குலத்துக்குப் பாவில் 40 இழை, ஊடையில் 36 இழை. பாவில் மொத்தம் 2,400 இழைகள். ஒவ்வொன்றும் இரண்டரை கெஜம். சுருக்கத்துக்கும் கழிவுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 2.75 கெஜம். பெருக்கினால் 6,600 கெஜம். ஊடையில் 36-ஐ 90-ஆல் பெருக்க 3,240 இழைகள். ஒவ்வொன்றும் 60 அங்குலம். ஆக 5,400 கெஜம். நூற்றுக்கு ஐந்து கழிவு சேர்த்து 5,670. இரண்டும் கூடி 12,270 கெஜம். இதனை 16,800-ஆல் வகுத்தால் 0.73 பவுண்டு, அதாவது சுமார் 330 கிராம் வரும். முப்பது விரிப்புக்கும் ஏறத்தாழ 10 கிலோ நூல் வேண்டும்.

இந்த ஒரு கணக்கில் பெருக்கல், வகுத்தல், விழுக்காடு, அளவை மாற்றம் அத்தனையும் வந்துவிடுகின்றன. கணக்கு வகுப்பில் தூங்குகிற பையனும், தான் நாளைக்குத் தைக்கப்போகும் விரிப்பின் கணக்கென்றால் விழித்துக்கொள்வான். துணி வந்தபின் உடனே கத்திரியை எடுக்கக் கூடாது. கோராத் துணியை ஒருமுறை நன்றாக நனைத்து உலர்த்திச் சுருங்கவிட்ட பிறகே வெட்டி ஓரம் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே தையல் முறுக்கிக்கொண்டு நிற்கும். தறியில் நெய்தவரையே ஒருநாள் பள்ளிக்கு வரவழைத்து, பாவு, ஊடை, அச்சு, விழுது எல்லாவற்றையும் விளக்கச் செய்யலாம். அவ்வாறு வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். சால்வை போர்த்திவிட்டுக் கூலியை மறந்துவிடுகிற வழக்கம் நம் நாட்டில் மிகுந்திருக்கிறது.

பயிரிடுவோர் பங்கு எளியது. இல்லத்தின் பின்புறம் ஐந்து சென்ட் நிலம் இருந்தால் கீரையும் முருங்கையும் பப்பாளியும் போதும். விதையும் தொழுவுரமும் நாம் கொடுக்கலாம். பாத்தி கட்டுவதையும் நீர் பாய்ச்சுவதையும் மாணவர் பழகுவர். தேதியைக் குறிக்கும்போது மட்டும் கார் அறுவடை, பிசான அறுவடை வாரங்களைத் தவிர்க்க வேண்டும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அவ்வாரங்களில் வீட்டுக்கு வீடு ஆள் தேவை. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

சட்டமும் சங்கமும்

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதை 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்குண்டு. ஆகவே சிறு வகுப்புப் பிள்ளைகளை இதில் ஈடுபடுத்தும்போது அது பாடமாகவே இருக்க வேண்டும். உற்பத்தி இலக்கு, கால வரையறை, விற்பனை ஆகியன அதன் பக்கம் வரலாகாது. 1978 முதல் நம் மேல்நிலைப் பள்ளிகளில் இருந்துவரும் தொழிற்பிரிவு மாணவர்களும் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களும் வயதிலும் பயிற்சியிலும் இதற்கு ஏற்றவர்கள்.

சங்கத்தின் கடமை என்ன? 1995-இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்ற ஏழு கொள்கைகளில் இறுதியானது சமுதாயத்தின்பால் அக்கறை. ஐந்தாவது கொள்கை கல்வி. இரண்டையும் ஒரே காரியத்தில் நிறைவேற்ற இவ்வகைப் பணி இடம் தருகிறது. ஆனால் பணத்தைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் துணைவிதியைப் பார்த்து, பொதுநலத்துக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து, மகாசபையின் ஒப்புதலோடு கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகம் ஒன்று பள்ளியிலும் ஒன்று இல்லத்திலும் இருக்கட்டும். நூல் விலை, நெசவுக் கூலி, தொழில் கற்பித்தவர் கூலி, ஆணி நூல் முதலிய சில்லறைச் செலவு இவை ரூபாயில் எழுதப்படும். மாணவர் உழைத்த நேரம் மணியில் மட்டும் எழுதப்படும். அதனை ரூபாயாக மாற்றி ‘இத்தனை ஆயிரம் மிச்சம்’ என்று ஆண்டறிக்கையில் காட்டுவது, கே. டி. ஷா அஞ்சிய பாதையில் முதல் அடி.

இன்னொரு விஷயம் சிறிதாயினும் சொல்லாமலிருக்க முடியவில்லை. பொருள் கொடுக்கும் நாளில் முதியவர்களை வரிசையாக நிறுத்தி, கையில் விரிப்பைப் பிடிக்கச் சொல்லிப் படமெடுப்பது எங்கும் பரவிவிட்டது. விரிப்பைக் கட்டிலில் விரித்துவிட்டு வந்தால் போதும். ஆறு மாதம் கழித்து மாணவர் மறுபடி சென்று, எந்தத் தையல் பிரிந்தது, எந்த ஆணி கழன்றது என்று பார்த்துக் குறித்துவர வேண்டும். அந்தக் குறிப்புத்தான் அவர்களுடைய பரீட்சை மதிப்பெண்.

பயிற்சி: மேற்சொன்ன இல்லத்துக்கே தலைக்கு இரண்டாக 60 துண்டுகள் வேண்டும். துண்டின் அகலம் 27 அங்குலம், நீளம் 54 அங்குலம். நூலும் இழைக்கணக்கும் கழிவுக்கணக்கும் விரிப்புக்குச் சொன்னவையே. எத்தனை கிலோ நூல் தேவை? விடை 5 கிலோ 370 கிராமுக்கு அருகில் வரவேண்டும். வந்தபின், இன்றைய நூல் விலையையும் நெசவுக் கூலியையும் உங்கள் சங்கத்தில் கேட்டு, மொத்தச் செலவைக் கணக்கிடுக. அதே துண்டுகளை இயந்திரத் தறித் துணியில் வாங்கினால் எவ்வளவு குறையும், அந்தக் குறைவு எவர் வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் அடுத்த கூட்டத்தில் ஆராய்க.